நூலக வரி கட்டுகிறோம், நூலகத்துக்குப் போகிறோமா?

சென்ற மாதம் ஒரு காலையில் நாளிதழ்களை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையில் வீட்டு வரி ரசீதுடன் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், ரசீதில் ‘நூலக வரி’ என்றிருந்த இடத்தில் விரலை வைத்து, “நான் ஒருநாளும் இங்க வந்ததில்லையே சார், எனக்கு எதுக்கு இந்த வரி?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளும் விருப்பமே இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கிளை நூலகங்களில் பணியாற்றும் என்னிடம் ரசீதோடு வந்து இதைக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்பதால், அவரிடம் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் நாம் செலுத்தும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. ஆண்டுக்கு 600 ரூபாய் வீட்டு வரி கட்டும் குடும்பம், அதற்கு மேல் 60 ரூபாயை நூலகத்துக்கென்றே கொடுக்கிறது. உள்ளாட்சிகள் வசூலிக்கும் இந்தத் தொகை மாவட்ட நூலக ஆணைக்குழுவைச் சென்றடைய வேண்டும் என்பது விதி. இதற்கு அடிப்படை 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் இத்தகைய சட்டம் வேண்டுமென்று பல ஆண்டுகள் வாதாடினார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் அது நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இதுவே. வள்ளல்களின் தயவை நம்பியிராமல், ஊரார் பணத்தில் ஊராரின் உரிமையாக நூலகம் நடக்க வழி செய்தது இந்தச் சட்டம்தான். ஆகவே எங்கள் வாசலில் தயங்கி நிற்பவர்களைக் காணும்போதெல்லாம், பணத்தைக் கட்டிவிட்டு உள்ளே வரக் கூச்சப்படுகிறார்களே என்று மனம் வருந்தும்.

அப்படி உள்ளே வந்தால் என்னதான் கிடைக்கும்? புத்தகம் என்பது பாதி விடைதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி நாள்தோறும் மாலை நாலரை மணிக்குப் பள்ளிச் சீருடையோடு வந்து, ஜன்னலோரம் இருந்த ஒரே நாற்காலியில் அமர்ந்து, மூடும் நேரம் வரை தன் பாடப்புத்தகத்தையே படித்துவிட்டுப் போவாள். உறுப்பினர் அட்டை வைத்திருந்தும் ஒரு நூலைக்கூட இரவல் எடுத்ததில்லை. காரணம் கேட்டேன். “வீட்டுக்குக் கொண்டுபோனா தம்பி கிழிச்சிருவான் சார். ஒரே ரூமு, டிவி வேற ஓடிக்கிட்டே இருக்கும்” என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு நாற்காலி, ஒரு குழல்விளக்கு, இரண்டு மணி நேர அமைதி. காசு கொடுக்காமல், எதையும் வாங்காமல், எதற்காக வந்தாய் என்று யாரும் கேட்காமல் ஒரு பெண் குழந்தை தனியே உட்கார்ந்திருக்கக் கூடிய இடம் எங்கள் ஊரில் வேறெங்கும் இல்லை. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கும், நான்கு நாளிதழ்களையும் வரி விடாமல் வாசிக்கும் ஓய்வூதியர்களுக்கும் இது பொருந்தும்.

அந்த மாணவியிடம் நான் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. வருகைப் பதிவேடு பெரியவர்களுக்கானது என்று எண்ணி, முதல் ஆறு மாதங்கள் அவள் அதில் கையெழுத்தே போடவில்லை. நாள் தவறாமல் வந்த ஒருத்தி, கணக்கில் வராதவளாகவே இருந்திருக்கிறாள். ஊர்ப்புற நூலகத்தைக் கிளை நூலகமாகத் தரம் உயர்த்தக் கேட்கும்போதும், கூடுதல் நாற்காலிக்கோ கட்டடத்துக்கோ விண்ணப்பிக்கும்போதும், நாங்கள் எடுத்துக்காட்டக் கூடியவை உறுப்பினர் எண்ணிக்கை, இரவல் கணக்கு, வருகைக் கணக்கு ஆகியவையே. எனவே பத்து நிமிடம் நாளிதழ் பார்க்க வந்தாலும் கையெழுத்திடுங்கள். பிள்ளைகளையும் இடச் சொல்லுங்கள்.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். வசூலித்த நூலக வரி உரிய காலத்தில் வந்து சேராமல் நிலுவையில் நிற்கும்போது, அதன் விளைவு முதலில் வாசகர் மேசையில்தான் தெரியும். நான் பணியாற்றிய ஓர் ஊரில் அவ்வாறு பருவ இதழ்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. சிறுவர் இதழ் வரவில்லை என்றதும் பிள்ளைகளின் வரவு குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். கிராம சபையில் குடிநீரையும் தெருவிளக்கையும் பற்றிக் கேட்பதுபோல, நூலக வரியாக எவ்வளவு வசூலானது, எவ்வளவு செலுத்தப்பட்டது என்றும் மக்கள் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை நூலகர் எழுப்புவதைவிட வரி கட்டியவர் எழுப்பினால் வலிமை அதிகம்.

எங்கள் கிளைக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் பலருக்கு இது தெரியாது. தேவைப்படும் நூல் எங்களிடம் இல்லையென்றால் அதன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். பெயர் தெரியாவிட்டால் பொருளைச் சொன்னாலே போதும்.

ரசீதோடு வந்தவர் அன்று அரை மணி நேரம் அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தார். ஆடு வளர்ப்பு பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்த ஒரு நூலும் இரவலில் போயிருந்தது. மாவட்ட மைய நூலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். வந்ததும் சொல்லச் சொல்லி, வருகைப் பதிவேட்டில் தம் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே கைபேசி எண்ணையும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.