மூக்கால் இரத்தம் வந்தால் எலும்பைப் பிடிக்காதீர்கள்

ஆடி, ஆவணியில் வரண்ட கச்சான் காற்று வீசும்போது திருகோணமலையில் மூக்கால் இரத்தம் என்று சிகிச்சைக்கு வருவோர் கூடிவிடுவார்கள். பலர் தலையை அண்ணாந்து, கண்களுக்கு நடுவிலுள்ள எலும்பை இறுக்கிப் பிடித்தபடி வருகிறார்கள். இரண்டுமே பிழை.

மூக்கின் நடுச்சுவரில், விரல் எட்டும் முன்பகுதியிலேயே, பல நாடிகள் (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்கள்) சந்திக்கின்றன. கீசெல்பாக் பின்னல் என்பது இதுதான். மேலுதட்டிலிருந்து ஒன்று, அண்ணத்திலிருந்து ஒன்று, மூக்கின் பின்புறமிருந்து ஸ்பீனோபலட்டைன் நாடி. இந்த மூன்றும் வெளிக் கழுத்து நாடியின் வழி வருபவை. மேலிருந்து வரும் முன் எத்மொய்ட் நாடியின் வழி வேறு. உட்கழுத்து நாடி கண்ணுக்கு அனுப்பும் கண் நாடியில் பிரிந்து, கண்குழியைக் கடந்து மூக்குக்குள் இறங்குகிறது. அங்குள்ள மெல்லிய சவ்வு வரண்ட காற்றில் காய்ந்து வெடிக்கும். பிள்ளை ஒருமுறை நோண்டினாலே போதும்.

பெரும்பாலான இரத்தக்கசிவு இந்த இடத்தில்தான். அதனால் நிமிர்ந்து உட்கார்ந்து, சற்று முன்னால் குனிந்து, மூக்கின் மிருதுவான கீழ்ப்பாகத்தை இரு பக்கமும் சேர்த்து அழுத்துங்கள். மணிக்கூட்டைப் பார்த்து 10 முதல் 15 நிமிடம், வாயால் மூச்சு விட்டபடி. நின்றுவிட்டதா என்று இடையில் கையை எடுத்துப் பார்க்க வேண்டாம். எலும்பை அழுத்தினால் உள்ளேயிருக்கும் நாடிக்கு அழுத்தம் போகாது. அண்ணாந்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும். வெளியே தெரியாததால் நின்றுவிட்டது என்றும் நினைத்துவிடுவோம்.

வயதானவர்களுக்கு, முக்கியமாக பிரஷர் உள்ளவர்களுக்கும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும், பின்புறத்து நாடி கசியலாம். அழுத்தியும் நிற்காமல் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கண் நாடியின் நுனிக்கிளைகள் மூக்கின் மேற்தோலுக்கும் வந்து, கண்ணின் உள்மூலையருகே முக நாடியோடு இணைகின்றன. மூக்கை எடுப்பாக்கப் போடும் ஃபில்லர் (தோலுக்கடியில் நிரப்பும் ஜெல்) ஊசி தவறி நாடிக்குள் போனால், அழுத்தத்தில் அது பின்னோக்கிச் சென்று விழித்திரையின் மைய நாடியை அடைக்கலாம். அந்த நாடிக்கு மாற்றுவழி இல்லை; பார்வை போனால் பெரும்பாலும் திரும்புவதில்லை. முகநூல் விளம்பரத்தை நம்பி, மருத்துவர் அல்லாதவரிடம் போகும் பிள்ளைகளைத் தயவுசெய்து தடுங்கள். ஊசி போடும்போது கண் மங்கினாலோ கடுமையாக வலித்தாலோ உடனே நிறுத்தச் சொல்லி, அடுத்த நிமிடமே கண் வைத்தியர் உள்ள ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.