மனக்கோட்டம்: 'காக்னிட்டிவ் பயாஸ்' என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல்

பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் தமிழர்களுக்குப் 'பயாஸ்' என்பது பழகிப்போன சொல். சில மாதங்களுக்கு முன் ஆள் தேர்வுக் குழு ஒன்றில் என்னுடன் அமர்ந்திருந்த தமிழ் நண்பரிடம், அவர் படித்த கல்லூரியிலிருந்தே வந்த ஒருவருக்குச் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் இட்டிருக்கிறாரோ என்று கேட்டேன். "நான் யாருக்கும் பாரபட்சம் பார்க்கிறவன் இல்லைங்க" என்று அவர் முகம் வாடிவிட்டது. அவர் சொன்னது முற்றிலும் உண்மை. நான் கேட்டது வேறொன்றைப் பற்றி; அதைச் சொல்லப் பொருத்தமான சொல் அப்போது என்னிடம் இல்லை.

பாரபட்சம், ஒருதலைச் சார்பு என்பன, தெரிந்தே ஒரு பக்கம் நின்று நீதி தவறுவதைச் சுட்டுகின்றன. காக்னிட்டிவ் பயாஸ் என்பதோ, நேர்மையாகத்தான் முடிவெடுக்கிறோம் என்று உண்மையாகவே நம்பும் ஒருவருடைய கணிப்பும் மீண்டும் மீண்டும் ஒரே திசையில் பிசகுவதைக் குறிக்கிறது. முன்னதைக் கேட்டவர் மறுக்கத்தான் செய்வார். பின்னதை ஆராய்ந்து பார்க்க இயலும்.

'பயாஸ்' என்ற ஆங்கிலச் சொல், சரிவு, சாய்கோடு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் வந்தது. புல்தரையில் உருட்டி ஆடும் ஒருவகைப் பந்தாட்டத்தில் அது நிலைபெற்றது. அக்காலத்தில் ஒரு புறம் கனம் கூட்டிச் செய்த அந்தப் பந்தை எவ்வளவு நேராக உருட்டினாலும் அது வளைந்தே ஓடும். அந்த வளைவை உருட்டுபவரின் கெட்ட எண்ணம் என்று யாரும் சொல்வதில்லை.

உளவியலில் இதை ஊன்றியவர்கள் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும். 1974இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. 0 முதல் 100 வரை எண்ணிட்ட சக்கரம் ஒன்று, 10 அல்லது 65இல் மட்டுமே நிற்கும்படி அமைக்கப்பட்டது. அதைச் சுழற்றிக் காட்டிய பின், ஐ.நா. அவையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். 10ஐக் கண்டவர்களின் இடைநிலை மதிப்பீடு 25. 65ஐக் கண்டவர்களுடையது 45. கேள்விக்குத் தொடர்பே இல்லாத எண் கணிப்பை இழுத்துவிட்டது. அல்சூரிலோ ஒயிட்ஃபீல்டிலோ வாடகை வீடு தேடியவர்களுக்கு இது புதிதன்று: தரகர் முதலில் சொல்லும் தொகை மனத்தில் ஊன்றிவிட, அதில் இரண்டாயிரம் குறைந்தாலே ஆதாயம் என்று தோன்றுகிறது, அந்தத் தெருவில் உண்மையில் என்ன வாடகை நடக்கிறது என்று விசாரிக்க மறந்துவிடுகிறோம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சார்பு' என்பது ஆதரவு, பற்று என்ற பொருள்களிலும் வழங்குவதால் குழப்பம் தருகிறது. 'சாய்வு' தவறில்லை, ஆனால் மெலிந்த சொல். நான் நாடுவது, வளைதல் எனப் பொருள்படும் 'கோடு' என்ற வினையடியிலிருந்து பிறந்த 'கோட்டம்'. "சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்" என்கிறது நடுவுநிலைமை அதிகாரக் குறள். (இங்கே 'ஒருதலையா' என்பதற்கு 'உறுதியாக' என்பதே பொருள், இன்று நாம் கொள்ளும் பொருள் வேறாகப் போய்விட்டது.) ஆயினும் குறளின் உட்கோட்டம் அறம் பற்றியது, மீண்டும் பாரபட்சத்தின் பக்கமே நம்மைக் கொண்டுசெல்லும்.

நன்னூலின் பாயிரம் இன்னும் நெருங்கி வருகிறது: "மரத்தின் கனக்கோட்டம் தீர்க்கும்நூல் அஃதேபோல் மாந்தர் மனக்கோட்டம் தீர்க்கும்நூல் மாண்பு." பவணந்தி முனிவரைக் கொண்டு அந்த இலக்கணத்தைச் செய்வித்த சீயகங்கன், குவளாலபுரம், அதாவது நம் பக்கத்துக் கோலார், தன் மரபின் ஊர் என்று பட்டம் பூண்ட கங்கர் குலத்தவன் என்பதில் பெங்களூர்த் தமிழனாக எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. தச்சர் மரத்தின் மேல் சாயம் தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டி நேர்கோடு பதிப்பார். மரம் எங்கே வளைந்திருக்கிறது என்பது அந்தக் கோட்டோடு ஒப்பிட்டால்தான் தெளிவாகும். அந்த வளைவு மரத்தின் குற்றமும் அன்று, அது வளர்ந்த விதம். பழைய வழக்கில் மனக்கோட்டத்துக்கு நெறிபிறழ்தல் என்ற சாயலும் உண்டு என்றாலும், இந்தத் தச்சு உவமை அதைப் புதிய பொருளுக்கு விரித்துக்கொள்ள இடம் தருகிறது. இன்று 'கோட்டம்' என்றதும் கோயிலோ வருவாய்க் கோட்டமோ நினைவுக்கு வரலாம்; முன்னே 'மன' சேர்ந்துவிட்டால் அந்த மயக்கம் இல்லை.

உவமையில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. பிறருடைய மனக்கோட்டத்தைக் காண்பவர்கள் தம்முடையதைக் குறைத்தே மதிக்கிறார்கள் என்று எமிலி ப்ரோனினும் உடன் ஆய்ந்தவர்களும் 2002இல் காட்டினார்கள். உள்ளே உற்று நோக்குவதால் மட்டும் அது தென்படாது. வெளியே ஒரு நூல் பிடிக்க வேண்டும். 1955இல் இஸ்ரேலிய இராணுவத்தில் பணியாற்றியபோது இளைஞர் கானமன் செய்தது அதுதான்: ஆளைப் பார்த்து மொத்தமாக ஓர் அபிப்பிராயம் சொல்வதை நிறுத்தி, ஆறு பண்புகளைத் தனித்தனியே வினவி, ஒன்றுக்கு மதிப்பெண் இட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்று நேர்காணல் செய்வோரைப் பணித்தார்.

எங்கள் குழுவிலும் இப்போது கல்லூரிப் பெயரை மறைத்த தாளில்தான் மதிப்பெண் இடுகிறோம். எல்லாரும் எழுதி முடித்த பிறகே பேசத் தொடங்குகிறோம். அப்படிச் செய்யலாம் என்று முதலில் சொன்னவர் அந்த நண்பர்தான். நான் 'மனக்கோட்டம்' என்ற சொல்லை அவரிடம் விளக்கிய மறுவாரம்.