தேயிலை, எண்ணெய், முட்டை, சோப்பு

1975-இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்த பிறகு நாட்டைவிட்டுக் கிளம்பிய வியட்நாமியர் பலர் சிட்னியின் தென்மேற்கே கப்ரமட்டா பக்கம் குடியேறினார்கள். அந்தத் தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. வீட்டுப் பெரியவர் அடுப்பை அணைக்க மறந்தாலும், பழகிய தெருவில் வழி தெரியாமல் நின்றாலும் 'லன்' என்று சொல்வது வழக்கம். வயோதிகத் தடுமாற்றம் என்று பொருள். அது டிமென்ஷியா என்ற மறதிநோயாக இருக்கலாம் என்று தோன்றாததால், மருத்துவரைப் பார்ப்பது தள்ளிப்போகிறது.

பார்க்கப் போனாலும், சோதனையே தவறான பதிலைத் தரக்கூடும். நினைவையும் சிந்தனையையும் அளக்கும் மோகா (MoCA) சோதனையின் ஆங்கில வடிவத்தில், 'எஃப்' எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடம் அடுக்க வேண்டும். வியட்நாமிய நெடுங்கணக்கில் அந்த எழுத்தே இல்லை. அதே வகையான எம்எம்எஸ்இ (MMSE) சோதனை 'இது என்ன பருவம்?' என்று கேட்கும். தென் வியட்நாமில் வளர்ந்தவருக்கு மழைக்காலம், வறட்சிக்காலம் இரண்டுதான். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர் இங்கே இழக்கும் மதிப்பெண்ணுக்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை. இந்தச் சோதனைகளை அங்கேயே மொழிபெயர்த்துக் கேட்பதும் பயன் தராது. அந்த மொழியில் சரிபார்க்கப்பட்ட வடிவமே வேண்டும்.

இந்தக் குறையைத் தீர்க்கத் தென்மேற்கு சிட்னியிலேயே பிறந்தது ருடாஸ் (RUDAS) என்ற சோதனை. 2004-இல் வெளியானது, மொத்தம் 30 மதிப்பெண், பத்து நிமிட வேலை. கடைக்குப் போய்த் தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு வாங்க வேண்டும் என்று சொல்லி, மனத்தில் பதியும்வரை, அதிகபட்சம் ஐந்து முறை, திரும்பச் சொல்ல வைப்பார்கள். சுமார் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்கும்போது, நினைவுவரும் ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது புதிய நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸை. அதனால் இங்கேதான் சறுக்கல் தெரியும். இடையே இடம் வலம் காட்டச் சொல்வார்கள் (5 மதிப்பெண்). ஒரு கை முஷ்டியாகவும் மறு கை விரித்தும் இருக்க, இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் (2). கனசதுரம் வரைய வேண்டும் (3). சிக்னல் இல்லாத நெரிசல் சாலையை எப்படிக் கடப்பீர்கள் என்று கேட்பார்கள் (4). கடைசியில் ஒரு நிமிடத்தில் விலங்குகளின் பெயர்கள் (8). வரைவதைத் தவிர, ஏட்டுப் படிப்பு இதில் பெரிதாகக் குறுக்கிடாது.

ருடாஸை மொழிபெயர்த்தே கேட்கலாம். கெடுவது அந்த மொழிபெயர்ப்பில். பேரப்பிள்ளை மொழிபெயர்த்தால் தாத்தாவைக் காப்பாற்றப் பதிலைச் செப்பனிடும். தாத்தாவும் பேரன் எதிரே திணற வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும். அவர் பேசுவது வடக்கு வழக்கா தெற்கு வழக்கா என்பதும் முக்கியம். தொனி மாறினால் பொருள் மாறும் மொழி அது. பெரியவர் காது கேட்கும் கருவியும் கண்ணாடியும் போட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

22 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும். அதுவே நோய் முடிவு ஆகாது. பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும். போரையும் அகதி முகாமையும் கண்டவர்களிடம் மனச்சோர்வைத் தேடாமல் விடக்கூடாது. கூடவே வீட்டாரிடம் தனியாகக் கேளுங்கள்: இந்த ஓரிரு வருடத்தில் எந்த வேலை கைநழுவியது? அளவு பார்க்காமல் ஃபோ என்ற வியட்நாமிய நூடுல்ஸ் சூப் கொதிக்க வைத்த பாட்டி, இப்போது உப்பு போட்டோமா என்று இரண்டு தடவை கேட்கிறாரா?