உப்பேறும் கிணறும் கழுவெளியும்

துரைப்பாக்கம் பக்கத்தில் ஓர் அடுக்ககத்துக்கு நிலத்தடி நீர் ஆய்வுக்காகப் போயிருந்தேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஆண்டுக்கு ஆண்டு உவர்த்துக்கொண்டே போகிறதாம். "இன்னும் நூறு அடி இறக்கிப் பார்க்கலாமா சார்?" என்றார் செயலாளர். இறக்கினால் உப்பு இன்னும் சீக்கிரம் வந்து சேரும் என்றேன்.

கடலோரத்தில், கனமான உப்புநீரின் மேல் நன்னீர் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். மேலே 1 மீட்டர் குறைந்தால், கீழே உப்பு 40 மீட்டர் ஏறப் பார்க்கும். களிமண்ணும் பாறையும் உள்ள இடங்களில் இந்தக் கணக்கு சற்றுப் பிசகும். ஆனால் உப்பு நகரும் திசை அதுதான். பெய்த மழை கடலுக்கு ஓடிவிடாமல் மாதக்கணக்கில் நிலத்தோடு தங்கினால்தான் அந்த ஒரு மீட்டர் நிற்கும். தங்கவைக்கும் வேலையைச் செய்வது கழுவெளி, அதாவது கடலோரச் சதுப்பு நிலம்.

"பள்ளிக்கரணையா? அது பறவைகளுக்குத்தானே!" என்றார் செயலாளர். பூநாரைகள் படத்துக்கு அழகாக இருப்பதன் பலன் இது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த அந்தச் சதுப்பு நிலம்தான் தென்சென்னை ஏரிகளின் வடிகால். ஏரிகள் நிரம்பி வழியும் நீர் அங்கே நிதானித்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர வேண்டும். அதன் ஒரு பகுதியைப் பெருங்குடிக் குப்பைமேடு விழுங்கியது. இன்னொரு பகுதியில் கட்டடங்கள். நிதானிக்க இடமில்லாத நீர் 2015இலும் 2023இலும் தெருக்களுக்குள் நின்றது.

எண்ணூர், பழவேற்காடு மீனவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. கடலில் பொரிக்கும் வெள்ளை இறால் குஞ்சுகள் வளர்வதற்குக் கழிமுகத்துக்குள் வருகின்றன. சேறும் அலையாத்தியும் போனால் வலையும் வெறுமைதான்.

கழுவெளி மீட்பு என்றதும் பலர் அலையாத்திக் கன்றோடு வந்துவிடுகிறார்கள். ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) ஏறி இறங்காத இடத்தில் நட்ட அலையாத்தி நிலைக்காது. அடையாற்றுக் கழிமுகத்தில் 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவில்கூட, முதலில் குப்பையையும் இடிபாடுகளையும் அள்ளித்தான் நீருக்கு வழிவிட்டார்கள். சதுப்பைத் தோண்டிக் கரைகட்டி ஏரியாக்குவதை நான் மீட்பில் சேர்ப்பதில்லை.

மழைநீர் எங்கே போகிறது என்று பார்க்கச் செயலாளரோடு பின்புறம் நடந்தேன். கால்வாயை அடைத்துக் கட்டட இடிபாடு கிடந்தது. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "இது எங்கள் பி பிளாக் குளியலறை ஓடு சார்" என்றார்.