சிங்கப்பூரும் துபாயும் சென்னைக்கு ஒரே தூரம்தான்

இரவு 11.15-க்குச் சென்னையில் ஏறி, மறுநாள் காலை 6 மணிக்குச் சிங்கப்பூரில் இறங்குவதாக டிக்கெட்டில் இருந்தால், ஆறேமுக்கால் மணி நேரப் பயணம் என்று பலரும் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். காலை 9.45-க்குக் கிளம்பி 12.30-க்குத் துபாய் என்றிருந்தால், இரண்டேமுக்கால் மணி நேரம்தான் என்கிறார்கள். இரண்டுமே நாலேகால் மணி நேரப் பயணம். உருண்டையான பூமியின் மேல் அளந்தால் சென்னையிலிருந்து இரண்டு ஊரும் சுமார் 2,900 கி.மீ.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் போகும்போது இரண்டரையைக் கழிக்க வேண்டும், துபாய் போகும்போது ஒன்றரையைக் கூட்ட வேண்டும். திரும்பி வரும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

2,900 கிலோமீட்டரை மணிக்கு 850 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 3 மணி 25 நிமிடம்தானே வருகிறது, மீதி எங்கே போனது? டிக்கெட் நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, இறங்கிய ஊரில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்பதில் முடிகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவது, வான்வழித்தடத்தின் வளைவுகள், இறங்க வரிசையில் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம்.

காற்றும் கணக்கை மாற்றும். 100 கி.மீ. வேக எதிர்க்காற்று வழி முழுக்க இருந்தால் அதே தூரத்துக்கு 3 மணி 52 நிமிடம் பிடிக்கும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 3 மணி 3 நிமிடம் போதும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையில் காற்று மேற்கிலிருந்து அடித்தாலும், தென்னிந்தியாவின் உயர் வானில் கிழக்கிலிருந்தே அடிக்கிறது. ஆகவே போன மாதம் ஆன நேரமே இந்த மாதமும் ஆகும் என்று நம்பி அடுத்த விமானத்தை நெருக்கிப் போடாதீர்கள். தனித்தனி டிக்கெட்டாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவதற்குப் பொதுவாக யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

நள்ளிரவு விமானங்களில் தேதியைத் தவறாகப் புரிந்துகொண்டால் டிக்கெட் பணமே போய்விடலாம். 15-ஆம் தேதி 00.40 (நள்ளிரவு தாண்டி 12.40) என்றால் 14-ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு போய் நிற்பவருக்கு விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். அழைத்துவர வருபவர்கள் இறங்கும் நேரத்தின் பக்கத்தில் ‘+1’ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் மறுநாள் என்று பொருள்.

இன்சுலின் போடுபவர்கள் கடிகாரத்தை மட்டும் நம்பக் கூடாது. சிங்கப்பூர் போனால் அன்றைய நாள் இரண்டரை மணி நேரம் சுருங்கும், துபாய் போனால் ஒன்றரை மணி நேரம் நீளும். கிளம்புவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, கடைசி ஊசிக்கும் இறங்கிய பின் போடும் ஊசிக்கும் நடுவே உண்மையில் எத்தனை மணி நேரம் வருகிறது என்று எழுதிக் காட்டிக் கேளுங்கள். மருந்து கைப்பையிலேயே இருக்கட்டும்.