மூலிகை எடுக்கிறீர்களா? மருத்துவரிடம் சொல்லுங்கள்

"வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலானோர் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். "கஷாயம், சூரணம், லேகியம் ஏதாவது?" என்று அடுத்துக் கேட்டால்தான் ஒவ்வொன்றாக வெளியே வரும். யாரும் மறைப்பதில்லை. மூலிகையை மருந்துக் கணக்கில் சேர்க்கும் பழக்கம் நமக்கு இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் மூலிகை மருந்துதான். சளிக்குக் கொடுக்கும் ஆடாதோடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே உருவானது. அதே வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் தன்மையும் உண்டு. அதனால்தான் கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும் என்கிறோம்.

நான் அடிக்கடி கவலைப்படுவது அதிமதுரத்தைப் பற்றி. தொண்டைக் கரகரப்புக்கு இரண்டு மூன்று நாள் கொஞ்சமாக எடுத்தால் பெரும்பாலானோருக்குப் பிரச்சினை வராது. இதமாக இருக்கிறதே என்று மாதக்கணக்கில் தொடரும்போதுதான் சிக்கல். மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை என்று வருபவர்களிடம் துருவிக் கேட்டால், சிலர் தினமும் அதிமதுரப் பொடி சாப்பிடுவது தெரியவரும். அதிலுள்ள கிளிசிரைசின், கார்ட்டிசால் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் சிறுநீரக நொதியைத் தடுக்கிறது. விளைவாக உடல் உப்பையும் நீரையும் தேக்கி வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், தசை தளரும். பொட்டாசியம் மிகவும் குறைந்துவிட்டால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

மஞ்சள் கதை வேறு. சமையலில் போடும் மஞ்சளுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. மஞ்சளின் முக்கிய வேதிப்பொருளான குர்குமின் மஞ்சள் தூளில் சுமார் 3 சதவீதம்தான், அதிலும் உடல் உறிஞ்சுவது மிகக் கொஞ்சம். இப்போது விற்கும் மாத்திரைகளில் குர்குமினை மட்டும் பிரித்து, செறிவூட்டி, நன்றாக உறிஞ்சப்படட்டும் என்று மிளகிலுள்ள பைப்பரினையும் சேர்க்கிறார்கள். இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவ அறிக்கைகள் வந்திருக்கின்றன. காலங்காலமாகச் சாப்பிடுகிறோமே என்ற சமாதானம் சமையல் மஞ்சளுக்குச் சரி. இந்த மாத்திரைகளுக்கு அது பொருந்தாது.

அப்புறம் மஞ்சள் காமாலைக்குக் கொடுக்கும் கீழாநெல்லி. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், 30 நாள் கீழாநெல்லி எடுத்த ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் தொற்றாளர்களில் 59 சதவீதம் பேருக்கு, ரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு நடந்த பல ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மஞ்சள் காமாலை என்பது ஒரு அறிகுறி. வைரஸ், மது, பித்தப்பைக் கல், கணையப் புற்றுநோய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், பெயர் மட்டும் மூலிகைக்குப் போய்ச் சேரும். கல் அடைத்துக்கொண்டவர் அதே நம்பிக்கையில் வாரக்கணக்கில் காத்திருப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு மற்றதெல்லாம்.

மலச்சிக்கலுக்கு நிலாவரை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம். சர்க்கரை மாத்திரையோடு வெந்தயப் பொடியை அதிக அளவில் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கலாம். கர்ப்பகாலக் குமட்டலுக்கு இஞ்சி உதவுவதை ஆய்வுகளும் காட்டுகின்றன, மிதமான அளவில் எடுத்தால் போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டு மூலிகைகளை ஒதுக்கிவிட வேண்டாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டைகளோடு பொடி டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், பூண்டு மாத்திரை போன்றவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். ஏதாவது மூலிகை எடுத்துவரும்போது சிறுநீர் அடர் நிறமானாலோ, கண் மஞ்சளித்தாலோ, காரணமில்லாமல் அரிப்பும் பசியின்மையும் வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு, மீதியிருக்கும் மருந்தோடு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.