கிருதுமாலுக்குச் சுவர் மட்டும் போதாது

துவரிமான் பக்கம் கிளம்பி, மதுரையின் தென்பாதியைக் கடந்து, கடைசியில் குண்டாற்றில் சேர்கிறது கிருதுமால். பாகவதத்தில் சத்தியவிரதன் கையில் மச்சாவதார மீன் வந்தது கிருதமாலா நதியில். இன்று பெயரைச் சொன்னால் "அந்தச் சாக்கடையா?" என்கிறார்கள். கழிவுநீர் தனிக்கதை. இதுபோன்ற ஊர் ஓடைகளின் கரை ஏன் சரிகிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

வயலும் கண்மாயும் இருந்த இடத்தில் கூரையும் தார்ச்சாலையும் வந்தபின், மெல்ல வடியவேண்டிய மழைநீர் மொத்தமாக ஓடைக்குள் வந்து விழுகிறது. ஆழமும் சரிவும் கூடக்கூட, தரையை நீர் இழுக்கும் விசையும் கூடும். 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் ஓடையில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு வெள்ளம் போனால், ஒவ்வொரு சதுர மீட்டர் தரையிலும் சுமார் 5 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. இளகிய வண்டல் இதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது. தரை பள்ளமாகிறது. பள்ளமானதும் வெள்ளம் கரையேறிப் பரவ முடியாமல் உள்ளுக்குள்ளேயே ஓடி, இன்னும் ஆழமாகத் தோண்டுகிறது. கரை பல நேரம் வெள்ளம் வடிந்த பிறகுதான் விழும்: மண் ஊறிக் கனத்திருக்கும், முட்டுக்கொடுத்த நீரோ போயிருக்கும்.

உடனடி வைத்தியம் கான்கிரீட் சுவர். வீடுகள் நெருக்கியடிக்கும் இடத்தில் வேறு வழியில்லைதான். ஆனால் வழுவழுப்பான சுவரில் வேகமெடுக்கும் நீர், சுவர் முடியும் இடத்தில் மண்ணைப் பறிக்கும். அரிப்பு அடுத்த வார்டுக்குப் போகிறது, அவ்வளவே.

இடமிருந்தால் செங்குத்துக் கரையைச் சாய்வாக வெட்டி, பக்கத்தில் தாழ்வான திட்டு ஒன்று விடலாம். வெள்ளம் அதில் அகலப் பரவி ஆழம் குறையும். தரை மேலும் இறங்காதிருக்கக் குறுக்கே பாறை வரிசை வேண்டும். கண்மாய் நிரம்பினால் மிகுநீர் வழியும் கலுங்குக்குக் கீழே கல் பரப்பி, விழும் நீரின் வேகத்தை அடக்கிய ஊருக்கு இது புதிதல்ல. வரிசையின் நடுப்பகுதி தாழ்ந்திருக்கவேண்டும். மட்டமாக அடுக்கினால் நீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு கரையையே அறுக்கும். கீழ்முனையிலும் கட்டாயம் ஒரு வரிசை வேண்டும். நீர் கீழே ஓடினாலும், பள்ளத்தின் விளிம்பு இடிந்து இடிந்து மேல்நோக்கித்தான் ஏறிப்போகும்.

கல்லுக்கு மேலே வேர். நீரோரம் நாணல், சரிவில் வெட்டிவேர், உச்சியில் நீர்மருது, புங்கன். வெட்டிவேர் இரண்டு மூன்று மீட்டர் நேராக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். சீமைக்கருவேலத்தை ஜேசிபியால் பிடுங்கிவிட்டுக் கரையை மொட்டையாக விட்டுப்போவது, என் கணக்கில், மரத்தை விட்டுவைப்பதைவிட மோசம்.

நடைபாதையை விளிம்பிலேயே போடக்கூடாது. சில மீட்டர் தள்ளி, ஓடைக்கு எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்த்தால், பாதையில் விழும் மழை புல்லில் வடிந்து மண்ணில் இறங்கும். நீர்ப்பக்கம் இறங்க ஓரிடத்தில் கல்படி வேண்டும். இல்லையென்றால் ஆடுமாடும் ஆட்களும் இறங்கிய தடமே மழையில் புது ஓடையாகும்.

மண்வேலை கோடையில் முடிந்து, ஆடியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினால் ஐப்பசிக்குள் வேர் பிடிக்கும். டெண்டர் புரட்டாசியில்தான் வருகிறதென்றால், கரையில் கைவைப்பதை அடுத்த கோடைக்குத் தள்ளிவைக்கலாம்.